பேடல் பயிற்சிகள்: நீண்ட காலப் பழக்கத்தில் எவை பயன் தந்தன?

துபாயில் நண்பர்கள் நால்வராகச் சேர்ந்து, கண்ணாடிச் சுவர் சூழ்ந்த கோர்ட்டில் இருவர் இருவராக ஆடும் ராக்கெட் ஆட்டமான பேடலை ஆடத் தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிறது. அல் கூஸ் பகுதியில் பழைய கிடங்குகளுக்குள் அமைத்திருக்கும் குளிரூட்டப்பட்ட கோர்ட்டுகளில் ஆடுகிறோம். வாரத்தில் ஒரு மாலையைப் பயிற்சிக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறோம். எங்களில் யாரும் முறையாக டென்னிஸ் பழகியவர்கள் அல்லர். பெரும்பாலும் ஷட்டில் ஆடி வளர்ந்தவர்கள். ஆகவே கையில் வேகம் உண்டு, காலில் பொறுமை கிடையாது. கோச் சொல்லிக்கொடுத்தவை, காணொளிகளில் பார்த்தவை, நாங்களே ஒட்டுப்போட்டு அமைத்துக்கொண்டவை என்று பல பயிற்சிகளைச் செய்து பார்த்ததில் இன்றும் தொடர்பவை சிலவே. அடிப்பதா விடுவதா, எங்கே நிற்பது என்று ஒவ்வொரு பந்திலும் முடிவெடுக்க வைத்த பயிற்சிகள் ஆட்டத்துக்குள் வந்து சேர்ந்தன. கைவேகத்தை மட்டும் கூட்டிய பயிற்சிகள் பயிற்சி மாலையோடு நின்றுபோயின என்பதே என் மதிப்பீடு.

முதலில் கண்ணாடி. 1969-இல் மெக்சிகோவின் அகாபுல்கோவில் என்ரிக்கே கோர்குவேரா தம் வீட்டு வளாகத்தில் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோதே சுவரும் ஆடுகளத்தின் பகுதியாக இருந்தது. இன்றைய கோர்ட் 20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. பின்புறத்தில் 3 மீட்டர் உயரம் வரை கண்ணாடியும் அதன்மேல் 1 மீட்டர் கம்பி வலையும் இருக்கும். ஷட்டிலிலிருந்து வருபவருக்கு, தன்னைத் தாண்டிப் போகும் பந்தை விட்டுவிடுவது என்பதே மனத்துக்கு ஒப்பாத செயல்; கை தானாக நீண்டுவிடும். இதை மாற்றியது ராக்கெட்டே தேவைப்படாத ஒரு பயிற்சி. ஒருவர் சர்வீஸ் கோட்டருகில் நின்று பந்தைக் கையால் எறிவார். அது தரையில் ஒருமுறை குத்தி, பின்கண்ணாடியில் பட்டுத் திரும்பும். எதிரில் இருப்பவர் பந்து கையைவிட்டுக் கிளம்பியதுமே பக்கவாட்டில் திரும்பி, பந்தோடு சேர்ந்து பின்னால் போய், அது கண்ணாடியிலிருந்து வெளிவரும்போது அதனோடு சேர்ந்தே முன்னால் வந்து, இடுப்புக்குக் கீழே, உடம்புக்கு முன்புறமாக அதை ஒரு கையால் பிடிக்க வேண்டும். கண்ணாடியை ஒட்டி நின்றுவிட்டால் பந்து முன்னே ஓடிவிடும், நாம் பின்னால் துரத்த வேண்டியிருக்கும். தள்ளி நின்றால் அது முதுகுக்குப் பின்னாலேயே விழுந்துவிடும். கால் சரியான இடத்துக்கு வந்ததா என்பதைச் சொல்ல வேறு ஆள் தேவையில்லை; பந்து கைக்குள் வந்ததா இல்லையா என்பதே சொல்லிவிடும்.

சில வாரங்கள் இப்படிப் பிடித்துப் பழகிய பிறகுதான் ராக்கெட்டை எடுத்தோம். அப்போதும் ராக்கெட்டை முழங்கால் உயரத்துக்கு முன்கூட்டியே தாழ்த்திவைத்துக்கொண்டு, பெரிய வீச்சு இல்லாமல் பந்தைக் கீழிருந்து தூக்கிவிடுவது மட்டுமே வேலை. எங்கள் குழுவில் திருநெல்வேலிக்காரத் தம்பி ஒருவர் உண்டு. பந்து என் பக்கம் வரும்போதெல்லாம் "அண்ணாச்சி, விடுங்க!" என்று கத்துவார். பயிற்சியில் தொடங்கிய அந்தக் கூச்சல் ஆட்டத்திலும் தொடர்ந்தது. நான் விடாமல் அடித்த பந்துகளில் பெரும்பாலானவை நெட்டில்தான் போய் விழுந்தன என்பதால் அதற்கு மறுப்புச் சொல்லவும் வழியில்லை.

மூலைப் பந்து இதைவிடக் கடினம். இன்றும் எங்களுக்கு முழுதாக வசப்படவில்லை. பக்கக் கண்ணாடியில் முதலில் பட்டுப் பிறகு பின்கண்ணாடியில் படும் பந்து, மூலையைவிட்டு விலகி நடுக்கோர்ட்டை நோக்கி வரும். அதைத் தேடி மூலைக்குள் ஓடுபவரின் உடம்பின்மீதே அது வந்து மோதும். கேரம் பலகையில் இரண்டு கட்டைகளில் பட்டுத் திரும்பும் ஸ்ட்ரைக்கரைப் பார்த்துப் பழகியவர்களுக்குக் கணக்கு எளிதில் விளங்கிவிடுகிறது, கால்தான் அந்தக் கணக்கைக் கேட்பதில்லை. கையால் எறியப்படும் பந்துக்கு, அது எந்தக் கண்ணாடியில் முதலில் படும் என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நகர்வது ஓரளவு உதவியது. திறந்தவெளிக் கோர்ட்டில் ஆடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஈரப்பதம் மிகுந்த இரவுகளில் கண்ணாடியில் நீர் பூத்துவிடும், அதில் படும் பந்து வெளியே வராமல் வழுக்கிக் கீழே இறங்கும். அந்த இரவுகளில் கண்ணாடிப் பயிற்சி செய்தால் தவறான நேரக்கணக்குதான் உடம்பில் பதியும்.

எங்கள் ஆட்டத்தை வெளிப்படையாக மாற்றியது லாப், அதாவது எதிராளியின் தலைக்குமேல் பந்தை உயரத் தூக்கிப் போடும் அடி, அதற்கான பயிற்சி. பேடலில் நெட்டருகே நிற்கும் அணியின் கை ஓங்கியிருக்கும். பின்னால் இருப்பவர்கள் அவர்களை அங்கிருந்து பெயர்த்து, அந்த இடத்தைத் தாம் பிடிப்பதற்கான நம்பகமான வழி நல்ல லாப்தான். நெட்டிலிருந்து சர்வீஸ் கோடு 6.95 மீட்டர், அதற்கும் பின்கண்ணாடிக்கும் இடையே எஞ்சுவது சற்றேறக்குறைய 3 மீட்டர். லாப் விழ வேண்டியது அந்த 3 மீட்டருக்குள். ஒருவர் பின்னாலிருந்து லாப் போடுவார். நெட்டருகே இருப்பவர் அதைத் தலைக்குமேலிருந்து வெட்டுச்சுழலோடு, பந்தேஹா என்ற அடியாக, ஆழத்துக்குத் திருப்பிவிட்டு மீண்டும் நெட்டுக்கு வருவார். பின்னால் இருப்பவர் அதைக் கண்ணாடியில் வாங்கி மறுபடியும் லாப் போடுவார். சர்வீஸ் கோட்டுக்கு முன்னால் விழும் குட்டை லாப்பை நெட்டுக்காரர் எப்படி வேண்டுமானாலும் அடிக்கலாம், அதில் அவர் வென்றால் இரண்டு புள்ளி என்று விதி வைத்துக்கொண்டோம். இந்த ஒரு விதியால் பயிற்சியின் தரமே வேறாகிவிட்டது. அதுவரை லாப்பைக் கடனே என்று தூக்கிப் போட்டவர்கள், பந்தின் அடிக்குச் சென்று முழங்காலை மடக்கி உயரத்தோடு போடத் தொடங்கினார்கள். நெட்டில் நிற்பவருக்கும் இது சம அளவில் பயன்படுகிறது. தலைக்குமேல் வரும் பந்துக்குப் பின்னோக்கியே ஓடாமல், முதலில் பக்கவாட்டில் திரும்பி, இடது கையை உயர்த்திப் பந்தைச் சுட்டிக்கொண்டு, குறுக்கடியாகப் பின்னால் செல்லும் நடை இதில்தான் பழக்கமாகிறது. பந்தேஹாவைப் புள்ளி எடுக்கும் அடியாக நினைக்காமல் நெட்டில் நமது இடத்தைக் காப்பாற்றும் அடியாகக் கொள்ள வேண்டும் என்று கோச் முதல் நாளே சொல்லியிருந்தார். அது எங்களுக்கு விளங்கியது இந்தப் பயிற்சியில்தான்.

நால்வரும் வர இயலாத மாலைகளுக்குக் குறுக்கு ஆட்டம் ஏற்றது. கோர்ட்டின் எதிரெதிர் மூலைப் பகுதிகளை மட்டும் எல்லையாகக் கொண்டு இருவர் புள்ளிக் கணக்கோடு ஆடுவது இது. பார்ட்னர் இல்லாததால் நடுவில் விட்ட பந்துக்கு யாரையும் குறைசொல்ல முடியாது. ஒவ்வொரு புள்ளியிலும் லாப், தாழ்ந்த வாலி (பந்து தரையில் குத்தும் முன்பே அடிப்பது), கண்ணாடி, நெட்டுக்கு நகர்தல் என அனைத்தும் கலந்து வரும். இரண்டு பேருக்குள் இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

நெட்டுக்கு இருபுறமும் நின்று பட்பட்டென்று வாலி அடித்துக்கொள்ளும் பயிற்சி பார்ப்பதற்கு அழகு, உடம்பைச் சூடாக்கவும் உதவும். ஆயினும் எங்கள் நிலை ஆட்டத்தில் நெட்டுக்காரருக்கு வரும் பந்துகள் பெரும்பாலும் மெதுவாகவும் தாழ்வாகவும் வருபவை என்பதால், அந்த வேகம் பயன்படும் தருணம் அரிது. அதற்குப் பதிலாக ஒருவர் பின்னாலிருந்து கால்களை நோக்கி மெல்லத் தாழ்த்தி அனுப்ப, மற்றவர் முழங்காலை மடக்கி அதை ஆழத்துக்குத் தள்ளும் பயிற்சியையே இப்போது செய்கிறோம். சர்வுக்குச் சில நிமிடங்கள் போதும். பக்கக் கண்ணாடிக்கு அருகே குத்துமாறு அனுப்பினால் திருப்புபவர் தடுமாறுவார். குத்திய பந்து இரண்டாம் முறை தரையைத் தொடும் முன் கம்பி வலையில் பட்டால் ஃபால்ட் என்பதால் ஆழத்தில் மட்டும் கவனம் வேண்டும்.

ஸ்மாஷைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது, ஏனெனில் கோர்ட்டுக்கு வரும் எல்லோரும் முதலில் பழக விரும்புவது அதைத்தான். ஆர்துரோ கோயெயோ போன்ற நெடிய இடக்கை ஆட்டக்காரர் அடிக்கும்போது பந்து குத்தி எழுந்து பக்கவேலியைத் தாண்டி வெளியே போகிறது. நாம் அடித்தால் அதே பந்து பின்கண்ணாடியில் பட்டு, நடுக்கோர்ட்டுக்கு வந்து, எதிராளிக்கு வசதியான உயரத்தில் நிற்கிறது. தொடர்ந்து 16 ஆண்டுகள் உலக முதலிடத்தில் இருந்து 2024-இல் ஓய்வுபெற்ற பெர்னாண்டோ பெலாஸ்டெகினின் ஆட்டங்களைப் பார்ப்பவருக்கு, புள்ளிகள் எவ்வளவு பொறுமையாகக் கட்டப்படுகின்றன என்பது புலப்படும். கூடை நிறையப் பந்து வைத்துக்கொண்டு ஸ்மாஷ் மட்டுமே அடித்த காலத்தில் குழுவில் ஒருவருக்கு முழங்கையின் வெளிப்புறத்தில் வலி கண்டு, நெடுநாள் ஓய்வெடுக்க நேர்ந்தது. அவர் தலைக்கனமான வைர வடிவ ராக்கெட்டை விட்டு வட்ட வடிவத்துக்கு மாறிய பிறகு நிலைமை மேம்பட்டது. ஸ்மாஷ் பயிற்சியைக் குறைத்ததற்கும் அதில் பங்குண்டு.

பந்து எறியும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தும் பார்த்தோம். ஒரே உயரத்தில் ஒரே இடத்துக்கு வரும் பந்துகளில் ராக்கெட் வீச்சு சீராகிறது என்பது உண்மை. ஆனால் எதிராளியின் தோளையும் ராக்கெட் முகத்தையும் பார்த்துப் பந்தின் போக்கை ஊகிக்கும் வேலை அதில் இல்லை. புதிதாக ஓர் அடியைக் கற்கும் தொடக்க வாரங்களுக்கு மட்டும் அதைப் பரிந்துரைப்பேன். பயிற்சிக்குப் பழைய பந்து போதும் என்ற எண்ணமும் ஓரளவுக்குத்தான் சரி. அழுத்தம் இறங்கிய பந்து கண்ணாடியிலிருந்து சோர்ந்து வெளிவரும். அதில் பழகிவிட்டு ஆட்டநாளில் புதிய டப்பாவைத் திறந்தால் ஒவ்வொரு பந்துக்கும் தாமதமாவோம். கையால் எறிந்து பிடிக்கும் பயிற்சிக்குப் பழையவற்றையும், லாப்புக்கும் குறுக்கு ஆட்டத்துக்கும் ஓரிரு ஆட்டங்கள் மட்டும் கண்டவற்றையும் வைத்துக்கொள்கிறோம்.

ஒன்றரை மணி நேர முன்பதிவில் தற்போது கண்ணாடிக்கு முதல் 20 நிமிடங்கள், லாப்-பந்தேஹா தொடருக்கு அரை மணி நேரம், தாழ்ந்த வாலிக்கும் சர்வுக்கும் சேர்த்து 15 நிமிடங்கள் போக மீதி நேரம் முழுவதும் குறுக்கு ஆட்டம். ஸ்மாஷ் அடித்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு அடுத்த குழு வாசலில் வந்து நிற்கும் வரை அனுமதி உண்டு.