ரோட்டரி மெசினுக்கு றூட்டர் பேஸ்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

கைக்குள் அடங்கும் ரோட்டரி மெசினுக்கு ஒரு பேஸ் (மரத்தின்மேல் மெசினை நிமிர்த்திப் பிடிக்கிற அடித்தட்டு) பூட்டி, அதைச் சின்ன றூட்டராக, அதாவது மரத்தில் பள்ளம் வெட்டுகிற மெசினாக, மாற்றலாமா என்று கேட்பவர்கள் எல்லாரும் மெசினின் வாட் எவ்வளவு, வேகம் எவ்வளவு என்றுதான் தொடங்குகிறார்கள். என் அனுபவத்தில் அது இரண்டாவது கேள்வி. மெசினின் மூக்கும் பேஸும் சேருகிற அந்த ஓர் அங்குல இடம் எப்படி இருக்கிறது என்பதுதான் முதற்கேள்வி. வேலை வடிவாக வருவதும் பிழையாகிப் போவதும் அங்கேதான்.

மாங்குளத்துக்குக் கிட்ட ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். நகைப்பெட்டி, சாமிப்பட ஃபிரேம், பெயர்ப்பலகை, இழைத்துப் பதிக்கிற வேலைகள். கதவு, யன்னல் செய்வதில்லை. ஆகவே நான் சொல்வது எல்லாம் மெல்லிய வேலைக்கான கதை.

ஒரு கையால் பிடிக்கிற சின்ன றூட்டர், ட்ரிம் றூட்டர், இருக்கும்போது இது எதற்கு? மக்கிட்டா 3709 போன்ற ட்ரிம் றூட்டர் 530 வாட், நிமிடத்துக்கு 30,000 சுற்று. நல்ல மெசின்தான், என்னிடமும் அந்த அளவில் ஒன்று இருக்கிறது. ஆனால் பத்து மில்லிமீற்றர் தடிப்புள்ள பெட்டிச் சுவரில் பிணைச்சல் பதிக்கும்போது அதன் பேஸ் வேலையை முழுதாக மூடிவிடும், பாரமும் ஒரு பக்கம் இழுக்கும். ஆறு மில்லிமீற்றர் பிற் (வெட்டுகிற முனை) போனால் மூலையில் மூன்று மில்லிமீற்றர் ஆரத்துக்கு வளைவு நிற்கும், மிச்சத்தை உளியால் எடுக்க வேண்டும். ரோட்டரி மெசினில் ஒன்றரை மில்லிமீற்றர் பிற் போட்டால் முக்கால் மில்லிமீற்றர் வளைவுதான். உளி நுனியால் ஒரு தட்டு, மூலை சுத்தமாகிவிடும். பித்தளைப் பிணைச்சல் அதற்குள் போய் இருக்கும்போது நகத்தால் தடவினால் விளிம்பு தெரியக்கூடாது. அந்தச் சுத்தம் எனக்கு வேணும்.

முதலில் ஒன்லைனில் வருகிற பிளாஸ்டிக் பேஸ் ஒன்றைத்தான் பாவித்தேன். வெட்டும்போது ஒரு கையை அழுத்தினால் பேஸ் வளையும், வளைந்தால் பிற் கீழே இறங்கும், பள்ளத்தின் அடி அலை அலையாக வரும். அதைவிடப் பெரிய கரைச்சல், பேஸை மெசினின் மூக்கில் திருகுகிற மரை. என் மெசினில் இரண்டு, மூன்று சுற்று சுகமாக ஏறிவிட்டுப் பிறகு இறுகி நின்றுவிடும். பலவந்தம் பண்ணினால் மெசினின் பிளாஸ்டிக் மரைதான் உரியும்.

காரணத்தைக் கிளிநொச்சியில் ஒரு லேத் பட்டறையில் வைத்துத்தான் கண்டேன். அங்கே வேலை செய்கிற அண்ணை முதல் கேட்டதே, "மெசினைக் கொண்டந்தனியோ தம்பி? கடதாசியில எழுதின அளவை வச்சு மரை வெட்ட ஏலாது" என்பதுதான். மூக்கில் இருந்த கறுப்பு மூடியைக் கழற்றி, மரை கேஜை (மரையின் இடைவெளியை அளக்கிற பல்வெட்டுத் தகடுகள்) ஒவ்வொரு இதழாக வைத்துப் பார்த்தார். 2 மில்லிமீற்றர் இதழ் வெளிச்சம் தெரியாமல் பொருந்தியது.

ட்ரெமல் என்பது ரோட்டரி மெசினில் பெயர்போன கம்பனி. அதன் மெசின்களின் மூக்கு முக்கால் அங்குலம், அங்குலத்துக்கு 12 மரை. மில்லிமீற்றரில் சொன்னால் 19.05 விட்டம், மரைக்கு மரை 2.117. ட்ரெமலைப் பார்த்துச் செய்கிற மெசின்களில் பல 19 மில்லிமீற்றர் விட்டம், 2 மில்லிமீற்றர் மரை. பார்வைக்கு இரண்டும் ஒன்று. ட்ரெமல் மரை வெட்டிய பேஸை அவற்றில் ஏற்றினால் ஒரு சுற்றுக்கு 0.117 மில்லிமீற்றர் பிந்துகிறது, மூன்று சுற்றில் அது 0.35. அதற்கு மேல் மரைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறுகும். "இரண்டு சுற்று போச்சு, அப்ப அளவு சரிதானே" என்று யாரும் நினைத்துவிடலாம். வேறு அளவில் மரை உள்ள மெசின்களும் இருக்கின்றன. அதனால்தான் மெசினைக் கையில் கொண்டுபோங்கள் என்கிறேன்.

அவர் கடைந்து தந்த பித்தளை வளையந்தான் இன்றுவரை பாவனையில் இருக்கிறது. வளையத்தின் ஒரு பக்கம் வாளால் பிளந்து, குறுக்கே ஒரு சின்னப் போல்ட். மெசினைத் திருகி ஏற்றிவிட்டு அந்தப் போல்ட்டை இறுக்கினால் எவ்வளவு அதிர்ந்தாலும் கழராது. வளையத்தின் கீழே மூன்று தூண், தூணின் அடியில் ஆறு மில்லிமீற்றர் பெர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக்) தட்டு. தூணுக்கு இடையில், பிற்றின் தண்டை இறுக்கிப் பிடிக்கிற கொலெட்டின் நட்டைத் திருகச் சாவி போகும், பிற்றின் நுனி எங்கே நிற்கிறது என்று கண்ணும் போகும். தூணுக்கு வெட்டுகிற அலுமினியக் குழாய்த் துண்டுகள் மூன்றையும் லேத்தில் ஒரே செட்டில் வெட்டச் சொல்லுங்கள். நீளம் கொஞ்சம் வித்தியாசப்பட்டாலும் பிற் சரிந்து நிற்கும்.

இந்த அமைப்பில் நான் எதிர்பாராத ஒரு நன்மை ஆழம் வைப்பது. மரை 2 மில்லிமீற்றர் என்றபடியால் மெசினை ஒரு முழுச் சுற்றுத் திருப்பினால் பிற் 2 மில்லிமீற்றர் இறங்கும், கால் சுற்றுக்கு அரை. வளையத்தின் மேல் விளிம்பில் நான்கு கோடு கீறி வைத்திருக்கிறேன். பெட்டி வேலைக்கு அதைவிட நுட்பமான அளவுகோல் தேவைப்படவில்லை. மூக்கின் மரை கட்டை என்பதால் மூன்று மில்லிமீற்றருக்கு மேல் இப்படி ஓடவிடக் கூடாது, பிடிமானம் குறைந்துவிடும். பெரிய மாற்றம் என்றால் கொலெட்டில் பிற்றை ஏற்றி இறக்குங்கள்.

பிற் தட்டுக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்கச் சைக்கிள் கம்பி ஒன்று காணும். இரண்டு மில்லிமீற்றர் கம்பியை எல் வடிவில் வளைத்து, கொலெட்டுக்குப் பதிலாகப் போடுகிற சக்கில் (கையால் திருகி இறுக்குகிற பிடி) பிடித்து, பேஸைத் தட்டையான கண்ணாடியில் வைத்து, கையால் மெல்லச் சுற்றுங்கள். கம்பி நுனி ஒரு பக்கம் கண்ணாடியில் உரசி மறுபக்கம் விலகினால் சரிவு இருக்கிறது. உரசுகிற பக்கத்துத் தூணின் கீழே கொப்பித் தாள் துண்டு ஒன்று வையுங்கள். திரும்பச் சுற்றுங்கள். சுற்றுமுழுக்க ஒரே உரசல் வரும்வரை இதைச் செய்தால், அகலமான பள்ளத்தின் அடியில் படிப்படியாகக் கோடு விழாது.

இந்தச் சோதனைக்கு மட்டும் சாவியில்லாத சக் பரவாயில்லை. வெட்டுவதற்கு அதைத் தொடாதீர்கள். பக்கவாட்டில் சுமை வரும்போது தளர்ந்து பிற் கீழே நழுவும். 3.2 மில்லிமீற்றர் தண்டுக்கு 3.2 கொலெட், அவ்வளவுதான்.

வன்னியில் எனக்குக் கிடைப்பது அதிகம் பழைய வீடுகளில் கழற்றிய முதிரை நிலைகளும் சட்டங்களும். காய்ந்து இரும்பாகிப் போன மரம். அதில் ஒரு ஓட்டத்துக்கு அரை மில்லிமீற்றருக்கு மேல் நான் இறக்குவதில்லை. கையை ஓரிடத்தில் நிறுத்தினால் உடனே புகை வாசம் வரும், பள்ளத்தின் சுவர் கறுக்கும். வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, கையை நிற்காமல் ஓட்டினால் பட்டு மாதிரி வெட்டும். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் தடிப்பும் கடியும் தரும். முகமூடி, முழுக்கைச் சட்டை இரண்டும் இல்லாமல் அந்த மரத்தில் மெசின் போடாதீர்கள். தேக்கில் வெட்டுவது லேசு, ஆனால் அதற்குள் இருக்கும் சிலிக்கா பிற்றைச் சீக்கிரம் மழுங்கடிக்கும், கார்பைட் பிற்தான் தாங்கும்.

ஓட்டுகிற திசையும் முக்கியம். பலகையின் வெளிவிளிம்பில் என்றால் இடஞ்சுழியாக, உள்ளே வெட்டிய துவாரத்தின் ஓரத்தில் என்றால் வலஞ்சுழியாக. மாறிப் போனால் மெசின் தானாக முன்னே பாயும். இவ்வளவு லேசான மெசினில் அந்தப் பாய்ச்சல் கையை ஏமாற்றிவிடும். மெசின் உடம்பைப் பிடிக்காமல், இரண்டு கையின் பெருவிரலையும் தட்டின் மேலேயே வைத்து ஓட்டுங்கள்.

கதவு நிலைக்குப் பிணைச்சல், பூட்டுக்குத் துளை, விளிம்பில் பெரிய மோல்டிங், இவற்றுக்கு இதைக் கேட்காதீர்கள். நூற்றைம்பது வாட் சொச்சம் உள்ள மோட்டரால் ஏலாது. லைனின் கடைசியில் இருக்கிற எங்கள் பக்கத்தில் பின்னேரம் கரண்ட் இறங்கும்போது சத்தமே மாறும். அப்போது அழுத்தி வெட்டினால் மோட்டர்தான் சூடாகும்.

இவ்வளவு பாவித்ததில் பெர்ஸ்பெக்ஸ் தட்டு கீறல் விழுந்து மங்கி ஒருமுறை மாற்றினேன். பித்தளை மரை இன்னும் ஆடவில்லை. அடிக்கடி பார்க்க வேண்டியது கார்பன் பிரஷ், மோட்டருக்குள் கரண்டைக் கொடுக்கிற இரண்டு கரித்துண்டுகள். மரத்தூளும் எங்கள் செம்மண் புழுதியும் சேர்ந்து அதை வேகமாகத் தின்னும். மூன்று மில்லிமீற்றருக்குக் குறைந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றி, சுமை ஏதும் கொடுக்காமல் ஐந்தாறு நிமிடம் ஓடவிட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.