650 டாலர் போய்விட்டது: பெய்ரூட்டில் டிக்கெட் எடுக்கப்போகிற பெண்களே, கவனம்

நேற்று மத்தியானம்தான் தெரிந்தது. கை இன்னும் நடுங்குகிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நான் இலங்கையில் ஹட்டன் பக்கம். 14 வருஷமாக லெபனான் தலைநகர் பெய்ரூட்டில் வீட்டு வேலை. போன 650 டாலரில் பெரும்பகுதி என் காசு இல்லை, என் அறையில் இருக்கும் எத்தியோப்பியத் தங்கச்சி ஊருக்குப் போக நாங்கள் சேர்த்த காசு. ஒன்றரை வருஷம் சம்பளமே கொடுக்காத வீட்டிலிருந்து உடுத்த துணியோடு வெளியே வந்தவள். பாஸ்போர்ட் இன்னும் அந்த மேடத்தின் அலமாரியில். இங்கே கஃபாலா, அதாவது நம் தங்கும் அனுமதியை முதலாளியோடு கட்டிப்போடும் முறை, என்றால் அதுதான். முதலாளி சம்மதம் இல்லாமல் வீட்டை விட்டுப் போனால் நாம் சட்டவிரோத ஆள். 1946ஆம் வருஷத் தொழிலாளர் சட்டத்தில் வீட்டு வேலை செய்பவர்களுக்கு இடமே இல்லை. 2020இல் லெபனான் காசு விழுந்தபோது, ஹஸ்மியேயில் எத்தியோப்பியத் துணைத் தூதரக வாசலில் அந்த நாட்டுப் பிள்ளைகளை முதலாளிகள் பெட்டியோடு இறக்கிவிட்டுப் போனார்களே, நினைவிருக்கும்.

தூதரகத்தில் தற்காலிகப் பயணப் பத்திரம் வாங்கிவிட்டோம். இங்கே வெளிநாட்டவரைப் பார்க்கும் அரசு அலுவலகமான ஜெனரல் செக்யூரிட்டியின் வெளியேறும் அனுமதியும் டிக்கெட்டும்தான் மிச்சம். பெய்ரூட் பக்கத்துத் தவ்ராவில், ஞாயிற்றுக்கிழமை நம்மைப் போன்ற வேலைக்காரர்கள் எல்லாரும் கூடும் இடத்துக்குப் பக்கத்துச் சந்தில், டிக்கெட் போட்டு, ஊருக்குக் காசும் அனுப்பும் ஒரு சின்னக் கடை. அனுமதிக்கும் டிக்கெட்டுக்கும் சேர்த்து 650 டாலர் என்றான் கடைக்காரன்.

ஏன் நம்பினேன்? அவன் நோட்டு எண்ணிய விதம். ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஓரம் கிழிந்த ஒரு இருபது டாலரைத் திருப்பிக் கொடுத்தான். என் பையிலிருந்து வேறு நோட்டு எடுத்துக் கொடுத்தேன். இவ்வளவு கணக்காக இருக்கிறவன் ஏமாற்ற மாட்டான் என்று நினைத்தேன். பேர், தேதி, ஆறு எழுத்து புக்கிங் எண் எல்லாம் போட்டு ஒரு தாள் கொடுத்தான். தங்கச்சி அதை நான்காக மடித்துத் தலையணைக்குள் வைத்துக்கொண்டாள்.

அப்புறம் தொடங்கியது. "நாளைக்கு வா." "ஆபீசர் லீவு." "கரண்ட் இல்லை." பிறகு போனே எடுக்கவில்லை. நேற்று அந்தத் தாளோடு விமான நிறுவன அலுவலகத்துக்கே போனோம். புக்கிங் போட்டிருக்கிறான், காசு கட்டவில்லை. அது தானாகவே ரத்தாகிவிட்டது. அனுமதிக்கு மனுவே போகவில்லை. கடைக்கு ஓடினால், "போலீசுக்குப் போ" என்று அவளைப் பார்த்துச் சொன்னான். என்னைப் பார்த்து இல்லை. தங்கும் அனுமதி இல்லாதவள் போனால் அவளைத்தான் உள்ளே வைப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். கடைப் பேரை நான் இங்கே போடாததும் அவளுக்காகத்தான்.

650 டாலர். என்னோடு சேர்ந்து நான்கு பேர் வீடு துடைத்துச் சேர்த்தது.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், வேலைக்கு நேரமாகிவிட்டது. இதை மட்டும் பாருங்கள். ஆறு எழுத்து எண் டிக்கெட் இல்லை. காசு கட்டிய டிக்கெட்டில் 13 இலக்க எண் இருக்கும், அதைக் கேளுங்கள். விமான நிறுவனத்திடமே சரிபார்க்காமல் முழுக் காசும் கொடுக்காதீர்கள். வெளியேறும் அனுமதிக்குக் கடைக்காரனிடம் போகாதீர்கள், தூதரகம் வழியாகக் கேளுங்கள். ரசீது இல்லாமல் ஒரு டாலர்கூட வேண்டாம்.

இந்த ஞாயிறு பத்து மணிக்கு அந்தச் சந்து முனையில் நிற்பேன். அங்கே காசு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள் இருந்தால் வாருங்கள். தங்கும் அனுமதி இல்லாத தங்கச்சிகள் வர வேண்டாம், உங்கள் தாளை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்.