சக்கர வண்டியும் தூக்குப் பட்டையும்: தண்டுவட நோயுள்ள நாயோடு நெடுநாள் அனுபவம்

எங்கள் ராணி ஜெர்மன் ஷெப்பர்ட் இனம். ஒன்பது வயதுக்குப் பிறகு அவளுக்கு டிஜெனரேடிவ் மைலோபதி வந்தது. தண்டுவட நரம்பிழைகள் மெல்ல மெல்லச் சிதையும் நோய் இது. பின்னங்கால்களில் தொடங்கி முன்னேறும். குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆனால் நோயினால் வலி இருப்பதில்லை, அதுவே எங்களுக்குப் பெரிய ஆறுதல். அவளுக்காக வாங்கிய பொருள்களில் எவை உண்மையில் பயன்பட்டன என்பதை எழுதுகிறேன்.

நடக்கும்போது பின்னங்கால் நகம் தரையில் உரசும் சத்தம்தான் முதல் அறிகுறி. நடுவிரல்களின் நகங்கள் மட்டும் தேய்ந்திருந்தன. பிறகு பாதம் மடங்கி, அதன் மேற்புறம் தரையில் படத் தொடங்கியது. அதை நிமிர்த்தி வைக்கும் உணர்வே அவளிடம் இல்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து, வட்டுப் பிதுக்கமும் (முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவது) கட்டியும் இல்லை என்று மருத்துவர் உறுதி செய்தார். இந்த நோயோடு தொடர்புடைய எஸ்.ஓ.டி.1 மரபணு மாற்றம் 2009-இல் கண்டறியப்பட்டது. அதற்கான பரிசோதனை அபாயத்தை மட்டுமே சொல்லும். முழு உறுதி இறந்த பிறகு தண்டுவடத்தை ஆராய்ந்தால்தான் கிடைக்கும். ஆகவே ஸ்கேனைத் தவிர்த்துவிடாதீர்கள். வட்டுப் பிதுக்கமாக இருந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு.

எல்லாவற்றிலும் அதிகம் உழைத்தது பின்புறத் தூக்குப் பட்டைதான். எல்லோரும் நாயின் பின்னுடலைத் தாங்கும் சக்கர வண்டியைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் இதை வாங்குங்கள் என்பேன். வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்துத் தூக்குவது அவசரத்துக்குச் சரி, ஆனால் அது வயிற்றை அழுத்தும். பட்டை இடுப்பையும் தொடைகளையும் சேர்த்துத் தாங்க வேண்டும், சிறுநீர் கழிக்க வழிவிட வேண்டும். கைப்பிடி நீளமாக இருந்தால் தூக்குபவரின் முதுகு தப்பும். ராணிக்குக் கால்கள் முற்றிலும் செயலிழக்கும் வரை தினமும் அது கையில் இருந்தது.

வழுக்காத தரைவிரிப்புகளும் அதே அளவுக்கு முக்கியம். அவள் புழங்கும் இடமெல்லாம் விரித்தோம். காலணிகள் வெளியே நடக்கும்போது மட்டும் உதவின. உள்ளே ஈரம் தங்கிப் பாதம் வெந்துபோகும் என்பதால் வீடு வந்ததும் கழற்றிவிடுவோம்.

சக்கர வண்டியை, நாய்க்குப் பின்னங்காலில் கொஞ்சம் வலு மிச்சம் இருக்கும்போதே பழக்க வேண்டும். ராணி முதலில் அசையாமல் நின்றாள். அவளுக்குப் பிடித்த தீனியைச் சற்றுத் தள்ளிக் காட்டியதும் நடந்தாள். சில வாரங்களில் வண்டியைக் கண்டாலே குரைத்து அழைத்தாள். முதுகு தரைக்குச் சமமாக இருக்கும்படி உயரத்தைச் சரிசெய்வதில்தான் எல்லாம் இருக்கிறது. உயரம் கூடினால் உடலின் பாரம் முன்னங்கால்களில் இறங்கும். தொடையிடுக்கில் பட்டை உராயும் இடத்தில் ராணிக்குத் தோல் சிவந்தது. மென்மையான உறை போட்ட பிறகு சரியானது. இன்னொன்று, வண்டியில் இருக்கும் நாயால் படுக்க முடியாது. களைத்துப்போனால் நின்றபடியே தவிக்கும். எனவே அவளை அதில் தனியே விட்டதில்லை. மேடுபள்ளத்தில் வண்டி கவிழவும் செய்யும்.

பிசியோதெரபியில் கற்ற கால் அசைவுகளை வீட்டில் விடாமல் செய்தோம். எடை கூடாமல் பார்த்துக்கொண்டதும் அவளுக்கும் எங்களுக்கும் பாரத்தைக் குறைத்தது.

நோய் முற்றியபோது பொருள்களைவிடக் கைகளுக்கே வேலை அதிகம். சிறுநீர்ப்பை தானாக முழுதும் காலியாகாது. அதை அழுத்திக் காலிசெய்யும் முறையை மருத்துவரிடம் நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். தேங்கினால் கிருமித்தொற்று வரும். தடித்த நுரை மெத்தை வாங்கினோம், ஆனாலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைத்தோம். இடுப்பெலும்பும் முழங்கையும் துருத்தும் இடங்களைத் தினமும் விரலால் தடவிப் பார்ப்பேன். பின்புற முடியைக் குட்டையாக வெட்டிவிட்டதால் சிறுநீர் பட்டுத் தோல் வெந்துபோகவில்லை.

முன்னங்கால்களும் தளர்ந்தபோது நான்கு சக்கர வண்டியை வாங்கலாம் என்றார்கள். நாங்கள் வாங்கவில்லை. இந்த நோய் இறுதியில் மூச்சுத் தசைகளையும் பாதிக்கும். அதுவரை அவளை இழுத்துச் செல்ல மனம் ஒப்பவில்லை. எந்தக் கட்டத்தில் கருணைக்கொலை மூலம் அவளுக்கு விடைகொடுப்பது என்று மருத்துவரிடம் முன்பே பேசி முடிவு செய்திருந்தோம். அவள் விருப்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டும் எங்களைக் கண்டால் காதை நிமிர்த்திக்கொண்டும் இருந்த காலத்திலேயே அதைச் செய்தோம். முன்னங்கால் தள்ளாடத் தொடங்குவதற்குள் நீங்களும் அந்தப் பேச்சைப் பேசி வையுங்கள்.