டேப் மாறித் திரும்பினால் விட்ட இடமா, முதல் பக்கமா?

குமுளியிலிருந்து வண்டன்மேடு போகும் வழியில் உள்ள சில ஏலத்தோட்டங்களுக்கு ஒரு சின்ன ஆப் செய்து கொடுத்தேன். திரையின் கீழே நான்கு டேப், அதாவது தொட்டால் அந்தந்தப் பகுதி திறக்கும் பொத்தான்கள்: எடை, ஆள் கணக்கு, விலை, கூலி. கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் காலையில் ஜீப்பில் மலையேறி வரும் பெண்கள், மாலையில் எடுத்த காயோடு வரிசையில் நிற்பார்கள். கங்காணி தராசுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருவர் பெயரிலும் எடையைப் பதிவார்.

முதலில், எந்த டேபைத் தொட்டாலும் அதன் முதல் பக்கம் திறக்கும்படி வைத்திருந்தேன். பயன்படுத்துபவர் வழி தவறமாட்டார் என்று நம்பினேன். ஒருநாள் எடை போடும்போது, "நேத்து என் பேரு விட்டுப்போச்சாண்ணே, பாருங்க" என்று ஒரு அக்கா கேட்டார். கங்காணி ஆள் கணக்கு டேபுக்குப் போய்ப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பினால், பாதி நிரப்பிய எடைப் பக்கம் போயிருந்தது. மறுபடியும் தோட்டம், பிளாக், தேதி, ஆள் என்று நான்கு பக்கம் உள்ளே போக வேண்டும். பின்னால் வரிசை நிற்கிறது, கீழே ஜீப்காரர் ஹாரன் அடிக்கிறார். மிச்சப் பேருக்கு அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். அந்த நோட்டைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வலித்தது.

டேப் மாறும்போது அழித்துவிடுவது, விட்ட இடத்திலேயே வைத்திருப்பது என்று இரண்டு வழிக்கும் பின்னால் பெரிய கம்பெனிகளின் பழக்கம் இருக்கிறது. ஐஃபோனில் ஒவ்வொரு டேபும் தன் பக்க அடுக்கை, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்த பக்கங்களை, தானே வைத்திருக்கும். நிற்கிற டேபையே இன்னொரு முறை தொட்டால் முதல் பக்கத்துக்குத் திரும்பும். ஆண்ட்ராய்டில் கதை வேறு. கீழ் டேப்களுக்கான கூகுளின் 'மெட்டீரியல்' வடிவமைப்பு வழிகாட்டியே முன்பு, டேபைத் தொட்டால் முதல் பக்கம் வரட்டும், ஸ்க்ரோல் செய்த இடமெல்லாம் அழியட்டும் என்றுதான் சொன்னது. 2022இல், ஆப்பில் பக்கம் மாற்றுவதற்கு கூகுள் தரும் ஜெட்பேக் நேவிகேஷன் என்ற கருவியின் 2.4 பதிப்பு வந்த பிறகுதான் டேபுக்கு ஒரு அடுக்கு என்பது அங்கே சுலபமானது. இன்றும் பழைய ஆண்ட்ராய்டு ஆப்கள் சிலவற்றில் டேப் மாறினால் எல்லாம் போய்விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அழிக்கும் வழிக்கு மலையில் இன்னொரு செலவும் உண்டு. எங்கள் பக்கம் ஒரு சரிவில் கேரள டவர் பிடிக்கும், அடுத்த சரிவில் தமிழ்நாட்டு டவர், நடுவில் இரண்டும் இல்லாத இடங்களும் உண்டு. முதல் பக்கத்துக்குப் போய்விட்டால் பட்டியலை மறுபடி இறக்க வேண்டும். சிக்னல் இல்லையென்றால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். வைத்திருக்கும் வழியில் ஏற்கெனவே வந்த பட்டியல் கையிலேயே இருக்கிறது.

சரி, அப்போது எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாமே என்று அடுத்த பதிப்பில் அப்படியே செய்தேன். விலை டேப் காலை வாரியது. புத்தடியிலும் போடிநாயக்கனூரிலும் நடக்கும் ஸ்பைசஸ் போர்டின் மின் ஏல விலையைத்தான் அதில் காட்டுகிறோம். ஒரு விவசாயி முதல்நாள் திறந்த ஏலப் பக்கம் மறுநாளும் அப்படியே நின்றது. அவர் பழைய விலையை இன்றைய விலை என்று நினைத்து வியாபாரியிடம் பேசிவிட்டார். எடைப் பதிவு போனால் மறுபடி எழுதிக்கொள்ளலாம்; தப்பான விலையை நம்பினால் பணம் போகும். ஆனால் இதற்காகப் பக்கத்தை அழிக்க வேண்டியதில்லை. நிற்கும் இடத்தை வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் விலையை மட்டும் புதிதாக எடுத்தால் போதும். புதுசு கிடைக்காவிட்டால் விலைக்குப் பக்கத்திலேயே தேதியைப் பெரிதாகப் போட வேண்டும். இடம் வேறு, தகவல் வேறு. இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டியதுதான் என் தப்பு.

உண்மையிலேயே அழிக்க வேண்டிய இடம் கூலி டேப். கங்காணி ஃபோனைத் திருப்பி ஒருவருக்கு அவர் கணக்கைக் காட்டுவார். முன்னால் வந்தவர் வாங்கிய அட்வான்ஸ் அதில் தெரியக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் ஒரே ஜீப்பில் வேலைக்கு வருகிறார்கள், ஒருவர் கடன் இன்னொருவருக்குத் தெரிவது சின்ன விஷயமல்ல. அந்த டேபை விட்டு வெளியே போனதும் அது ஆள் தேடும் முதல் பக்கத்துக்குத் திரும்பிவிடும். அங்கே ஒரு நிமிஷம்கூட வைத்திருக்க நான் சம்மதிக்கமாட்டேன்.

ஆகவே ஆப் முழுவதற்கும் ஒரே விதி வைப்பதை நான் விட்டுவிட்டேன். பொதுவாக விட்ட இடத்திலேயே இருக்கும், நிற்கிற டேபை மறுபடி தொட்டால் முதல் பக்கம். கூலி மட்டும் விதிவிலக்கு. எடைப் பக்கத்தில் அந்த மறுதொடுதலுக்கும் ஒரு காவல் வேண்டும்: பாதி எழுதியது இருந்தால் முதலில் டிராஃப்டாகச் சேமித்துவிட்டு, அப்புறம் முதல் பக்கம் போகும். தராசுப் பக்கத்தில் ஈரக் கையோடு தொடும்போது விரல் தவறாக இரண்டு தரம் படும், அதை நானே பார்த்தேன்.

எழுதும் முறை கருவிக்குக் கருவி மாறும். ஜெட்பேக்கில் சேவ்ஸ்டேட் (நிலையைச் சேமி), ரெஸ்டோர்ஸ்டேட் (சேமித்ததைத் திருப்பிக் கொடு) இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஆப் எழுதும் இன்னொரு கருவியான ஃப்ளட்டரில், கோ-ரௌட்டர் என்ற தொகுப்பின் ஸ்டேட்ஃபுல் ஷெல் ரௌட் இந்த வேலையைச் செய்யும். ரியாக்ட் நேட்டிவில் எழுதுபவர்கள் பயன்படுத்தும் ரியாக்ட் நேவிகேஷனில் வைத்திருப்பதுதான் வழக்கம், அழிக்க வேண்டிய டேபுக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஆனால் அடுக்கை வைத்திருந்தாலே எழுதியது தப்பிவிடும் என்று இருந்துவிடக்கூடாது. தோட்டங்களில் இருப்பவை பெரும்பாலும் மெமரி குறைந்த ஃபோன்கள். நடுவில் அழைப்பு வந்து பேசி முடிப்பதற்குள் ஆண்ட்ராய்டு பின்னணியில் ஆப்பையே மூடிவிடலாம். ஃபோன் செட்டிங்ஸின் டெவலப்பர் ஆப்ஷன்ஸில், வெளியே போனதும் திரையை மூடிவிடும் 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' என்பதை ஆன் செய்து, எடையைப் பாதி எழுதிவிட்டு ஹோம் பட்டனை அழுத்தித் திரும்பி வந்து பாருங்கள். எனக்கு முதல் தடவை வெறும் பக்கம்தான் வந்தது. அதிலிருந்து ஒவ்வொரு எடையும் தட்டிய உடனே ஃபோனிலேயே எழுதப்படுகிறது.