கிம்ப்பில் முக டச்சிங்: ஏழு வருடக் கல்யாண ஆல்பங்கள்

நான் கல்யாணப் போட்டோ எடுப்பவன். வீடு மேற்கு மாம்பலம். வேலை பெரும்பாலும் மயிலாப்பூர், தி.நகர், வடபழனிப் பக்கத்து மண்டபங்களில். 2018 கடைசியிலிருந்து, நடுவில் ஒரு வருடம் தவிர, முக டச்சிங் முழுவதும் கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில்தான். 2018 ஏப்ரலில் அதன் 2.10 பதிப்பு வந்தது. படத்தைப் பல அடுக்காகப் பிரிக்கும் வேவ்லெட் டீகம்போஸ் என்ற வசதி அதில் கூடவே கிடைத்தது. இலவசம் என்பதால் தொடங்கினேன். இன்றும் அதிலேயே இருப்பது அந்த ஒரு வசதிக்காக.

முதலில் நம் ஊர் மண்டபத்தில் முகம் என்ன பாடு படுகிறது என்று சொல்லிவிடுகிறேன். நாலரை, ஆறு முகூர்த்தம் என்றால் பெண் நள்ளிரவு தாண்டியதும் மேக்கப்புக்கு உட்கார்ந்துவிடுவாள். தூக்கமில்லாத கண். அப்புறம் ஹோமப் புகை, சென்னைப் புழுக்கம். நெற்றியும் மூக்கும் எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். நலங்கு மஞ்சள் கழுத்தோரம் ஒட்டிக்கொண்டிருக்கும். வீடியோக்காரரின் எல்இடி ஒரு நிறம், மண்டபத்து விளக்கு இன்னொரு நிறம். ஒரு கன்னம் பச்சை, மறு கன்னம் ஆரஞ்சு. இத்தனைக்கும் நடுவில் பரு ஒரு பெரிய விஷயமே இல்லை. ஹீல் டூலை எடுத்து, பக்கத்தில் நல்ல தோலை கன்ட்ரோல் அழுத்தித் தொட்டு, பருமேல் ஒரு முறை வைத்தால் போயிற்று. வேலை வாங்குவது திட்டுத் திட்டான நிறம்தான்.

நடுவில் ஒரு வருடம் நேரம் மிச்சமாகும் என்று தானாகவே தோலைச் சுத்தம் செய்யும் ஒரு செயலிக்கு மாறினேன். நூறு படங்களை ஒரே மூச்சில் முடித்துக் கொடுத்தது. ஆல்பம் போய்ச் சேர்ந்த அன்று மணப்பெண் போன் செய்தாள்: "அண்ணா, என் மச்சம் எங்க?" உதட்டுக்குக் கீழே அவளுக்கு ஒரு மச்சம் உண்டு. பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளமாக எழுதியிருப்பதும் அதைத்தான். திரும்பிப் பார்த்தால் எல்லாப் படத்திலும் இல்லை. இன்னொரு வீட்டு ஆயுஷ்ஹோமப் படங்களில் குழந்தையின் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டையும் அது தழும்பு என்று நினைத்துத் துடைத்திருந்தது. குழந்தையின் பாட்டி என்னிடம் கோபப்படவில்லை, முகம் வாடிப்போனார். அதுதான் இன்றும் உறுத்துகிறது. இரண்டு ஆல்பங்களையும் என் செலவில் மறுபடி அச்சடித்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு டச்சிங் தொடங்கும்முன் முகத்தில் எது நிரந்தரம், எது ஒரு வாரத்தில் மறைந்துவிடும் என்று பார்த்துக்கொள்கிறேன். ஒரு வாரத்தில் போவதை மட்டும் எடுக்கிறேன்.

சரி, வேவ்லெட்டுக்கு வருவோம். ஃபில்டர்ஸ் மெனுவில் என்ஹான்ஸ் என்ற பகுதிக்குள் இருக்கிறது. ஓட்டினால் படத்தை ஐந்து ஸ்கேல் லேயர்களாகவும் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படலங்கள்), அடியில் ரெசிடுவல் (மிச்சம்) என்று ஒரு லேயராகவும் பிரித்துப் போடும். மாவு சலிப்பதுபோல்தான்: மிக நுண்ணியது ஒரு தட்டில், அதைவிடப் பெரியது அடுத்த தட்டில். ரோமக்காலும் பூனைமுடியும் ஸ்கேல் 1, 2இல் தங்கும். சின்னத் தழும்பு 3 பக்கம். கன்னத்துத் திட்டும் கண்ணடிக் கருமையும் 4, 5இல். முகத்தின் மொத்த நிறமும் பெரிய நிழலும் ரெசிடுவலில். முகம் படத்தில் எவ்வளவு பெரிதாக விழுந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு தட்டு முன்னே பின்னே போகும். எல்லாத் தட்டையும் மறுபடி ஒன்றாகக் கொட்டினால் பழைய படமே வந்துவிடும்.

இதில் என் வழக்கம் ஒன்றுதான்: 1, 2ஐத் தொடவே மாட்டேன். 4, 5இல் திட்டு உள்ள இடத்தை லாசோ என்ற தேர்வுக் கருவியால் வளைத்து, ஓரம் தெரியாதபடி நன்றாக ஃபெதர் செய்து, காஸியன் பிளர் என்ற மங்கலாக்கும் ஃபில்டர் கொஞ்சம். அவ்வளவே. மேலே ரோமக்கால் அப்படியே இருப்பதால் தோல் தோலாகத் தெரியும். படத்தின்மேல் நேரடியாக பிளர் போட்டால் கிடைக்கும் மெழுகுப் பொம்மை முகம் இதில் வராது. கண்ணடிக் கருமையைப் பாதிதான் குறைப்பேன். முழுக்க எடுத்தால் கண்ணே தட்டையாகிவிடுகிறது. ஆரம்பத்தில் 200 சதவீதம் பெரிதாக்கி வைத்து ஒரு முகத்துக்கு அரை மணி நேரம் உழைத்தேன். எங்கள் ஆல்பம் 12க்கு 36 அங்குலம், 300 டிபிஐ என்றால் 10,800க்கு 3,600 பிக்சல். 100 சதவீதத்தில் கண்ணுக்குத் தெரியாத குறை அந்தத் தாளிலும் தெரியாது. இப்போது ஒரு முகத்துக்கு ஐந்து நிமிடம் ஆகிறது. குரூப் போட்டோவில் வேவ்லெட்டுக்கே வேலை இல்லை, ஹீல் மட்டும் போதும்.

நிறம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். "தம்பி, பொண்ணை ஒரு மாத்து கலரா காட்டுங்க" என்று கேட்காத வீடு குறைவு. கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, பெண் நன்றாகத் தெரிய வேண்டும் என்ற ஆசைதான். ஆனால் முகத்தை வெளுக்க வைத்தால் கழுத்து வேறு, மருதாணி போட்ட கை வேறு என்று நிற்கும். கையையும் வெளுத்தால் பட்டுப்புடவையின் அரக்கு செத்துப்போகும். எனக்கு அதைவிடப் பெரிய மனக்குறை, மாநிறத் தோலில் வெளிச்சம் விழும்போது வரும் அந்தத் தேன் நிற மினுமினுப்பு போய்விடும் என்பது. அதனால் வெளுப்பதில்லை, கலப்பட விளக்கின் கறையை மட்டும் எடுக்கிறேன். மேலே ஒரு புது லேயர், அது கீழுள்ள படத்தோடு கலக்கும் விதம் (மோடு) எல்சிஎச் கலர். அதே முகத்தில் நல்ல நிறமுள்ள இடத்தைத் தொட்டு, 15 சதவீத ஒபேசிட்டியில் (அடர்த்தியில்) பச்சையும் சிவப்பும் திட்டாக விழுந்த இடங்களில் மெதுவாகத் தடவுவேன். இந்த மோடு நிறத்தை மட்டும் மாற்றும், வெளிச்சத்தைத் தொடாது. ஆக அவள் எவ்வளவு கறுப்போ அவ்வளவே கறுப்பு, ஆனால் முகம் தெளிந்துவிடும். ஒரு முறை ஒரு அம்மாவிடம் வெளுத்தது ஒன்று, தெளிந்தது ஒன்று என இரண்டு பிரிண்ட் வைத்தேன். எது எது என்று சொல்லவில்லை. இரண்டாவதை எடுத்து, "இதுதான் எங்க பொண்ணு மாதிரி இருக்கு" என்றார்.

குறைகளும் உண்டு. 24 மெகாபிக்சல் படத்தை 16 பிட்டில் திறந்தால் ஒரு லேயருக்கே 190 எம்பி தாண்டும். ஏழு லேயர் ஆனதும் 1.3 ஜிபி. 8 ஜிபி லேப்டாப் திணறியதால் ரிச்சி தெருவில் ரேம் வாங்கிப் போட்டேன். முகத்தை மட்டும் தனியாக வெட்டி எடுத்து வேவ்லெட் ஓட்டுவது இன்னும் நல்ல வழி. ரா ஃபைலை (கேமரா பதப்படுத்தாமல் பதிந்த படம்) கிம்ப் தானாகத் திறக்காது, டார்க்டேபிள் போன்ற வேறொரு மென்பொருள் வழியாக வர வேண்டும். 2025 மார்ச்சில் வந்த 3.0இல் கர்வ்ஸ் போன்ற வெளிச்சத் திருத்தங்களைப் போட்ட பிறகும் திரும்பத் திருத்தலாம். இத்தனை நாள் காத்திருந்தது இதற்காகத்தான். ஆனால் வேவ்லெட் லேயர்கள் அப்படி இல்லை. பிரித்த பிறகு பரு ஒன்று கண்ணில் பட்டால் எந்தத் தட்டில் இருக்கிறது என்று தேட வேண்டும், ஆகவே ஹீல் வேலையை முன்பே முடித்துவிடுங்கள். பைத்தானில் எழுதிய பழைய பிளகின்களும் (கூடுதலாகச் சேர்க்கும் வசதிகள்) 3.0இல் அப்படியே ஓடாது.

எந்த மென்பொருளாலும் ஆகாதது நெற்றிப் பளபளப்பு. வெளிச்சம் வெள்ளையாக எரிந்துவிட்டால் அங்கே தோலே பதிவாகியிருக்காது, எதைப் பிரித்து எதைச் சேர்ப்பது? கேமரா பையில் டிஷ்யூ பாக்கெட் ஒன்று எப்போதும் வைத்திருக்கிறேன். தாலி கட்டும் முன் பெண்ணின் தோழியைக் கூப்பிட்டு, "நெற்றியைத் தேய்க்காமல் ஒத்தி எடும்மா" என்று கொடுத்துவிடுவேன்.