ஃபைட்டர் குஞ்சுகளுக்கு முதல் தீனி: எது வேலைக்கு ஆகும், எது ஆகாது

ஃபைட்டர் மீனை முட்டையிட வைப்பது பெரிய வித்தை இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் பத்து நாள் நல்ல தீனி போட்டுத் தேற்றி, அரைச் சாண் ஆழத் தண்ணீரில், 27, 28 டிகிரி வெதுவெதுப்பில் விட்டால் மீதியை அவையே பார்த்துக்கொள்ளும். ஆண் நுரைக்கூடு கட்டும். பெண்ணை வளைத்து அணைக்கும். கீழே உதிரும் முட்டைகளை வாயில் பொறுக்கிக் கூட்டில் ஒட்டும். ஒன்றரை நாளில், இல்லையென்றால் இரண்டு நாளில், பொரிந்துவிடும். புதிதாக வளர்ப்பவர்கள் இதையெல்லாம் வீடியோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு, ஒரு வாரம் கழித்துக் காலித் தொட்டியைப் பார்த்து முழிப்பார்கள். நானும் அப்படி முழித்தவன்தான்.

பொரிந்த குஞ்சு முதல் இரண்டு மூன்று நாள் கூட்டுக்கு அடியில் வால் கீழாகத் தொங்கும். வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கருப் பைதான் அதுவரை அதற்குச் சோறு. அது தீர்ந்து, குஞ்சு படுக்கைவாட்டில் நீந்த ஆரம்பித்த அன்று ஆண் மீனை வெளியே எடுத்துவிட வேண்டும். பசியும் அன்றுதான் தொடங்குகிறது. மூன்று மில்லிமீட்டர் குஞ்சு அது, ஆனால் பிறவியிலேயே வேட்டைக்காரன். கண்ணுக்கு முன்னால் ஏதாவது அசைந்தால்தான் வாயைத் திறக்கும். எந்தத் தீனியில் எவ்வளவு புரதம் என்று எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். நான் கேட்பது இரண்டே கேள்வி: குஞ்சு இருக்கும் இடத்தில் அது அசைந்துகொண்டு இருக்குமா? நான் வேலைக்குப் போய்த் திரும்பும் வரை உயிரோடு இருக்குமா?

முட்டை மஞ்சள் கரு இந்த இரண்டிலும் தோற்றுவிடும். வேகவைத்துத் துணியில் வடிகட்டி, சொட்டுச் சொட்டாக விட்டால் போதும் என்று எனக்குச் சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். காலையில் விட்டேன். மாலையில் தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தது. மறுநாள் தொட்டியின் அடியில் வெள்ளை வெள்ளையாகக் குஞ்சுகள். அசையாத துகளைக் குஞ்சு தொடவே இல்லை; அது அழுகி அம்மோனியா ஆனதுதான் மிச்சம். பொடித்த குஞ்சுத் தீனிக்கும் முதல் வாரத்தில் இதே கதிதான்.

இன்ஃப்யூசோரியா என்பது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நுண்ணுயிர்களின் கூட்டம். பழைய தொட்டித் தண்ணீரில் வெந்த முட்டைக்கோஸ் இலையோ வாழைப்பழத் தோலோ போட்டு வைத்தால் நாலைந்து நாளில் வந்துவிடும். செலவே கிடையாது. எவ்வளவு சின்ன வாய்க்கும் பொருந்தும். ஆனால் பலர் ஒரு விஷயத்தில் சறுக்குகிறார்கள். தண்ணீர் முதலில் பால்போல் கலங்கும். அது வெறும் பாக்டீரியா, அதை எடுத்துத் தொட்டியில் ஊற்றினால் கேடுதான் மிஞ்சும். அந்தக் கலங்கல் தெளியும் வரை பொறுக்க வேண்டும். பாக்டீரியாவைத் தின்று பரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிர் பெருகும்போதுதான் தெளியும். பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தூசி மாதிரி வெள்ளைப் புள்ளிகள் தாமாக அங்குமிங்கும் போவது தெரியும். இதில் குறை என்னவென்றால் நாற்றம். அதோடு, ஒரு வேளைக்கு எவ்வளவு உயிர் உள்ளே போகிறது என்று கணிக்கவே முடியாது. தொட்டியை முன்கூட்டியே பாசியும் பழைய ஸ்பாஞ்ச் ஃபில்டருமாகப் பழக்கி வைத்திருந்தால் இன்ஃப்யூசோரியா அங்கேயே இருக்கும். தனியாக வளர்ப்பதைவிட எனக்கு இதுதான் பிடிக்கும், ஆனால் நூறு குஞ்சு இருந்தால் இது மட்டும் போதாது.

உண்மையான போட்டி இரண்டு புழுக்களுக்கு இடையில்தான். மைக்ரோவார்ம், வினிகர் ஈல் இரண்டும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளம், முடியளவு மெல்லிசு, ஓயாமல் நெளியும். மைக்ரோவார்ம் வளர்ப்பது சுலபத்திலும் சுலபம். ஓட்ஸைக் கூழாக்கி, துளி ஈஸ்ட் தூவி, கொஞ்சம் தாய்ப்புழு (பெருக்குவதற்கான முதல் புழுக்கள்) விட்டால் ஒரு வாரத்தில் டப்பாவின் சுவரெல்லாம் ஏறி மினுமினுக்கும். விரலால் வழித்துத் தண்ணீரில் அலசினால் ஒரு வேளைத் தீனி தயார். ஆனால் தொட்டியில் விட்டதும் நேராக அடிக்குப் போய்விடும். புதுக்குஞ்சுகளோ பெரும்பாலும் மேல்மட்டத்தில் மிதந்துகொண்டிருக்கும். தின்னாமல் விட்ட புழு சில மணி நேரத்தில் செத்து அடியில் அழுகும். தினமும் மெல்லிய குழாய் வைத்து அடியை உறிஞ்சி எடுக்க நேரம் உள்ளவர்களுக்கு இது சரி.

வினிகர் ஈல் கொஞ்சம் சோம்பேறித்தனமான ஏற்பாடு, அதனாலேயே எனக்கு இஷ்டம். ஆப்பிள் சைடர் வினிகரும் தண்ணீரும் பாதிப்பாதி, ஒரு ஆப்பிள் துண்டு, தாய்ப்புழு. ஒரு மாதம் மறந்துவிட வேண்டும். அறுவடைக்கு நீளக் கழுத்துப் பாட்டில் வேண்டும். கழுத்து வரை அந்தப் புழு வளர்ந்த வினிகரை நிரப்பி, ஃபில்டர் பஞ்சை அந்த மட்டம் வரை அடைத்து, மேலே நல்ல தண்ணீர் ஊற்றி வைத்தால், மறுநாள் புழுக்கள் பஞ்சைத் துளைத்துக்கொண்டு மேலே வந்திருக்கும். வினிகர் வாடையே இல்லாமல் சிரிஞ்சில் உறிஞ்சிக்கொள்ளலாம். தொட்டியில் அவை மேல்மட்டத்திலேயே நெளிந்துகொண்டு நிற்கும், நாள்கணக்கில் சாகாது. என் இரண்டு கேள்விக்கும் முழு மதிப்பெண். சத்து மட்டும் குறைவு. இதையே பத்து நாள் போட்டால் குஞ்சு பிழைத்திருக்கும், ஆனால் வளராது.

வளர்த்தி வேண்டுமென்றால் ஆர்ட்டீமியாதான், அதாவது முட்டையாக வாங்கி உப்புத் தண்ணீரில் பொரிக்கவைக்கும் பொடி இறால்; அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. லிட்டருக்கு 25 கிராம் உப்பு, விடாமல் ஏர் பம்ப், வெளிச்சம், 27 டிகிரி. ஒரு நாளில் பொரியும். காற்றை நிறுத்திவிட்டுப் பாட்டிலின் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் ஆரஞ்சு மேகம் போல அந்த வெளிச்சத்தில் வந்து திரளும். ஓடுகள் மேலே மிதக்கும், பொரியாத முட்டை அடியில் தங்கும், நடுவில் திரண்டதை மட்டும் உறிஞ்சி, மெல்லிய துணியில் வடித்து அலசிக் கொடுக்க வேண்டும். நேரம் ஆக ஆகத் தன் சத்தையே தான் கரைத்துக்கொள்ளும் உயிர் அது, அதனால் பொரிந்த சூட்டோடு கொடுப்பது நல்லது. நன்னீரில் சில மணி நேரம்தான் தாங்கும். ஆகவே அளவாக, இரண்டு மூன்று வேளை.

முதல் நாளே இதைக் கொடுத்தால் என்ன என்பவர்கள் உண்டு. நானும் செய்து பார்த்தேன். பெரிய குஞ்சு விழுங்கிவிடுகிறது, சின்னது கவ்விக் கவ்வித் துப்புகிறது. பத்தாம் நாள் ஒரே தொட்டியில் அண்ணனும் தம்பியும் மாதிரி இரண்டு அளவு. இப்போது முதல் மூன்று நாள் வினிகர் ஈல், நாலாம் நாள் அதோடு கொஞ்சம் ஆர்ட்டீமியா. அன்று சாயங்காலம் லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். கண்ணாடி போன்ற உடம்புக்குள் வயிறு மட்டும் கடுகளவுகூட இல்லாத ஆரஞ்சுப் பொட்டாகத் தெரியும். பத்தில் எட்டுக்கு அந்தப் பொட்டு வந்துவிட்டால் ஈலைக் குறைத்துக்கொண்டே வருவேன்.

ஜோடி சேர்ப்பதற்கு ஒரு மாதம் முன்பே ஈல் பாட்டிலைத் தொடங்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள ஒரே தொல்லை. இந்த முறை தொடங்கி இன்று பன்னிரண்டாம் நாள். ஆண் அதற்குள் கூடு கட்டிவிட்டு, பக்கத்துத் தொட்டியைப் பார்த்துச் செவுளை விரித்துக்கொண்டு நிற்கிறான். இன்னும் பதினெட்டு நாள் நிற்கட்டும்.