தருமபுரியில் லேப்டாப் சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

தருமபுரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி லேப்டாப் சர்வீஸ் கடைகளுக்குக் குறைவில்லை. அதில் ஒரு கடையில் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து, கூடவே ஃபைல்களைச் சேமிக்கும் நல்ல எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்றையும் பறிகொடுத்திருக்கிறேன். புகார் நடப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை.

பாலக்கோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சிட்டா எடுப்பது, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் போடுவது எல்லாம் 2018-ல் வாங்கிய லேப்டாப்பில்தான். எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், பிற்பாடு போட்ட 512 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததால் 11-க்கு மாற்றினேன். தொல்லை அப்போதுதான் ஆரம்பித்தது. விண்ணப்பத்தில் பாதி நிரப்பியிருப்பேன், திரை அப்படியே நின்றுவிடும். மவுஸ் அம்புகூட நகராது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டியதுதான்.

கடைக்காரர் ஆன் செய்து ஐந்து நிமிஷம்கூடப் பார்த்திருக்க மாட்டார். "மதர்போர்டுல ஐசி போயிடுச்சுண்ணா, எஸ்எஸ்டியும் போகப்போகுது. ரெண்டையும் மாத்திட்டா கவலையே இல்ல" என்றார். இன்றைக்கு, நாளைக்கு என்று வாரக்கணக்கில் இழுத்தடித்துத்தான் கொடுத்தார். பில் கேட்டால் விசிட்டிங் கார்டின் பின்பக்கம் தொகையை எழுதி ஒரு கிறுக்கல் கையெழுத்து. பழைய எஸ்எஸ்டி? "அது டெட்டுண்ணா, குப்பையில போட்டாச்சு."

சில நாள் ஒழுங்காக ஓடியது. அப்புறம் மறுபடி திரை நின்றுபோக ஆரம்பித்தது.

செட்டிக்கரையில் இன்ஜினியரிங் படிக்கும் அக்கா மகன் வந்து உட்கார்ந்தான். ஷிப்ட் கீயைப் பிடித்துக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாக சேஃப் மோடுக்குள் போனான். அதில் விண்டோஸ் அத்தியாவசியமான டிரைவர்களோடு, அதாவது பாகங்களை இயக்கும் சிறு மென்பொருள்களோடு மட்டும் ஓடும். சாயங்காலம் வரை ஒரு தடவைகூட நிற்கவில்லை. "மதர்போர்டு போயிருந்தா இங்கயும் நிக்கணுமே மாமா" என்றான். கோளாறு, சேஃப் மோடில் ஓடாத டிஸ்ப்ளே டிரைவரில், அதாவது திரைக்கான டிரைவரில். கடையில் ஃபார்மட் அடித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டதும் கொஞ்ச நாள் சரியாக இருந்திருக்கிறது. விண்டோஸ் அப்டேட் அதே டிரைவரை மறுபடி இறக்கியதும் பழைய கதை. லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்தே டிரைவரை எடுத்துப் போட்டான். அதோடு தீர்ந்தது, ஒரு பைசா செலவில்லை.

இன்னொன்றும் சொன்னான், அதுதான் வயிற்றெரிச்சல். 11-க்கு மாறிய 10 நாளுக்குள் செட்டிங்ஸில் சிஸ்டம், ரெகவரி என்று போனால் 'கோ பேக்' இருக்கும். அழுத்தினால் பழைய விண்டோஸ் அப்படியே திரும்பிவிடும். ஃபார்மட் அடித்தால் அந்த வழி போச்சு, கூடவே நம் ஃபைல்களும்.

கடைசியாக, டிஸ்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தான். "புத்தம் புதுசு" என்று மாட்டிய எஸ்எஸ்டி 256 ஜிபிதான். இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் 'பவர் ஆன் ஹவர்ஸ்' என்ற இடத்தில் ஒன்பதாயிரத்தைத் தாண்டிய எண். யாருடைய லேப்டாப்பில் உழைத்துத் தேய்ந்ததோ! இதைக் காட்டியபோது "சாஃப்ட்வேர் தப்பா காட்டுதுண்ணா" என்றார் கடைக்காரர், முகத்தைப் பார்க்காமல். சத்தம் போட்ட பிறகு இரண்டாயிரம் ஜிபேயில் வந்தது. என் எஸ்எஸ்டி வரவில்லை.

கொடுப்பதற்கு முன் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து ரேம் அளவையும் டிஸ்க் மாடலையும் போட்டோ எடுத்துவிடுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் சீரியல் எண்ணும் வரும். கழற்றிய பாகம் திரும்ப வேண்டும் என்று கொடுக்கும்போதே சொல்லுங்கள். பணத்தை யுபிஐயில் கொடுங்கள். எனக்கு இப்போது ஆதாரமாக இருப்பது அதுவும் அந்த விசிட்டிங் கார்டும்தான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது. மனுவை எழுத ஆரம்பித்துவிட்டேன்.